வாசிப்பு யார் பொறுப்பு? குண்டடம் வட்டாரத்தை முன்வைத்து நடுநிலை வகுப்புகள் பற்றிய ஒரு வாதம்

தமிழ்நாட்டில் பள்ளி வாசிப்பு குறித்த அக்கறை இரண்டு இடங்களில் குவிந்திருக்கிறது. கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ தொடக்க வகுப்புகளுக்கானது. 2025இல் வந்த ‘திறன்’, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கியோருக்குத் தமிழ், ஆங்கிலம், கணித அடிப்படைகளை மறுபடி கற்பிக்கிறது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு, அடுத்த பீரியடில் அறிவியல் புத்தகத்தின் முன் திணறுகிற மாணவன் எந்தத் திட்டத்துக்குள்ளும் வருவதில்லை. அவனுக்கு வாசிக்கக் கற்றுத்தர வேண்டியவர் தமிழாசிரியர் அல்லர், அந்தந்தப் பாட ஆசிரியரே என்பது என் வாதம்.

குண்டடத்தை எடுத்துக்கொள்வோம். பல்லடம்–தாராபுரம் சாலையில், மழை மறைவுப் பகுதியில் கிடக்கும் வறண்ட வட்டாரம். ஆடு மாடும் மானாவாரியும் போக, நூற்பாலை வேலை பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. நாற்பதாம் கவுண்ட் நூல் இருபதைவிட மெலிசு என்பது அங்கே ஆலைக்குப் போகும் அம்மாவுக்குத் தெரிந்த சங்கதி. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை தேறுகின்றனவோ அதுவே கவுண்ட். இதை வைத்து எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் போடலாம்: ‘20 கவுண்ட் நூல் 12 கிலோ இருக்கிறது. அதே நீளமுள்ள 40 கவுண்ட் நூலின் எடை என்ன?’ எண் இரட்டித்ததைப் பார்த்து 24 என்று எழுதிவிடுவது சுலபம். விடை 6. ‘அதே நீளமுள்ள’ என்பதை ‘அதே எடையுள்ள’ என்று மாற்றி நீளத்தைக் கேட்டால், எதிர்மாறல் நேர்மாறலாகிவிடும். கதை படிக்கும்போது ஒரு சொல்லைத் தாண்டிப் போனால் குடி முழுகிவிடாது, இங்கே முழுகிவிடும். பெருக்கல் தெரியாததால் வரும் பிழையல்ல இது. இந்த வகை வாசிப்பை யாரும் சொல்லித்தரவில்லை என்பதே காரணம்.

திமோதி ஷனஹான், சிந்தியா ஷனஹான் இருவரும் 2008இல் ஹார்வர்ட் கல்வி ஆய்விதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. வரலாற்றறிஞர் எழுதியவர் யார், எந்தச் சார்பில் எழுதினார் என்று துருவுகிறார். வேதியியலார் பத்திக்கும் படத்துக்கும் சமன்பாட்டுக்கும் இடையே போய்வருகிறார். கணித அறிஞர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். எல்லா ஆசிரியரும் மொழியாசிரியரே என்ற கருத்து பிரிட்டனின் புல்லக் அறிக்கையில் 1975லேயே வலுப்பெற்றது. நம் பி.எட். படிப்பிலும் பாடங்கள்தோறும் மொழி என ஒரு தாள் இருக்கிறது. தேர்வெழுதித் தேறியதோடு அதை மறந்தவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

தமிழ்நாடு இதை முயன்று பார்க்காமல் இல்லை. தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் பரவிய காலத்தில், நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. மாணவரே பாடத்தைப் படித்து, முக்கியச் சொற்களுக்கு அடிக்கோடிட்டு, மனவரைபடம் போட்டு, குழுவில் தொகுத்து, வகுப்பின்முன் வழங்கி, பிறகு எழுத வேண்டும். அறிவியல் பாடவேளையில் மாணவர் கையில் புத்தகத்தைக் கொடுத்த அளவில் அது பெரிய துணிச்சல். அதற்குரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை. சறுக்கியது வேறிடத்தில். பிளாசிப் போருக்கும் மனவரைபடம், பிதாகரஸ் தேற்றத்துக்கும் மனவரைபடம். நிரூபணத்தில் எந்த வரியிலிருந்து எந்த வரி பிறக்கிறது என்ற வரிசைதான் உயிர். கிளை பிரித்து வரைந்தால் அதுவே தொலைந்துபோகும். பாடத்துக்குப் பாடம் மாற வேண்டிய வாசிப்பை ஒரே படிநிலையில் அடைத்தார்கள். பார்வைக்கு அதிகாரி வரும் நாளில் சுவரில் ஒட்ட சார்ட் மட்டும் குறைவில்லை.

‘பாடம் முடிக்கவே நேரமில்லை’ என்பது ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு. பாடச் சுமை உண்மைதான். ஆனால் இப்போது அந்த நேரம் எங்கே போகிறது? ஆசிரியர் விளக்குகிறார், கேள்வி பதில் எழுதிப் போடுகிறார், புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். புத்தகத்தின் பத்திகளை மாணவர் வாசிக்காமலேயே பாடம் முடிந்துவிடுகிறது. எழுத்துக் கூட்டத் திணறுவோருக்கு அடிப்படைதான் முதலில் என்பது இரண்டாவது மறுப்பு. ‘திறன்’ அதைச் செய்யட்டும். அது முடியும்வரை அறிவியல் பத்தி காத்திருந்தால் எட்டாம் வகுப்பு கடந்துவிடும்.

செய்ய வேண்டியதற்குப் புதுத் திட்டம் தேவையில்லை. குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்களைப் பாடவாரியாகப் பிரித்து உட்காரவைப்பதை ஒரு முறையாவது மாற்றி, அறிவியல் ஆசிரியரையும் தமிழாசிரியரையும் ஒரே பக்கத்தின் முன் உட்காரவைக்கலாம். மாணவர் எந்த வரியில் தடுக்குவார் என்று இருவரும் தனித்தனியே குறித்து ஒப்பிடட்டும். காலாண்டு அறிவியல் தாளில், மாணவர் முன்பு பார்த்திராத பத்து வரிப் பத்தி ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கினால், மனப்பாடத்துக்கு அதில் வேலை இருக்காது.