கியாண்டியும் ஆவாரம்பட்டையும்

இத்தாலி ஒயினுக்கும் எங்க குடியாத்தத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கு ஒரே வார்த்தையில பதில்: துவர்ப்பு. சிவப்பு ஒயினைக் குடிச்சா நாக்குல பிடிக்கிற துவர்ப்புக்குக் காரணம் டானின். ஆவாரம்பட்டையிலயும் கடுக்காயிலயும் தோலைப் பதப்படுத்தறதும் அதே டானின் வகைதான். (சரக்குப் பதிவுன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கவும்!)

முதல்ல அங்க நடந்த கதை. 1716-ல டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, கியாண்டி உள்ளிட்ட நாலு பகுதிகளுக்கு எல்லை வகுத்து ஆணை போட்டார். அதுக்கு வெளியே விளைஞ்சதை அந்தப் பேர்ல விக்கக் கூடாது. 1924-ல தோட்டக்காரங்க சங்கம் சேர்ந்து கருப்புச் சேவலைச் சின்னமா வெச்சாங்க. 1932-ல அரசாங்கமே எல்லையை அகலமாக்க, பக்கத்து ஊர் ஒயினும் கியாண்டி ஆயிடுச்சு. பழைய எல்லைக்காரங்க விடலை. 1963-ல நாட்டுக்கே பொதுவா சட்டம் வந்தது. 1996-ல 'கியாண்டி கிளாசிகோ' தனிப் பிரிவாவே பிரிஞ்சது. எழுபது வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டு!

இப்ப நம்ம கதை. சுண்ணாம்புல ஊறி முடி நீங்கின தோலைப் பட்டைத் தண்ணியில வாரக்கணக்கா ஊறப்போட்டு, கடுக்காய் கொடுத்து, எண்ணெய் பூசி எடுப்பாங்க. அரைப்பதமான இந்தத் தோல் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். அங்க அதுக்கு வழங்கின பேரு 'ஈஸ்ட் இந்தியா' தோல், சுருக்கமா ஈ.ஐ. தோல். கவனிங்க, ஆம்பூர்னோ வாணியம்பாடின்னோ பேர் இல்லை. வாங்கினவன் வெச்ச பேரு.

குரோம் முறையை 1903 வாக்கில மெட்ராஸ்ல சோதிச்சுப் பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பட்டைக்கு வாரக்கணக்கு, குரோமுக்கு மணிக்கணக்கு. 1972-ல சீதாராமையா குழு, அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் குறைச்சு, முழுசா முடிச்ச சரக்கா அனுப்பணும்னு சொல்லிச்சு. ஷூ மேல்தோலுக்கு மென்மையான குரோம் தோல்தான் தோது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு வரிசையா குரோமுக்கு மாறுச்சு. பாலாறு என்ன கதியாச்சுன்னு உங்களுக்கே தெரியும். 1996-ல உச்ச நீதிமன்றம் டேனரிக்குத் தலா பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டது. (பட்டை முறையும் ஒண்ணும் புனிதமில்லைங்க. உப்பும் சுண்ணாம்பும் அதுலயும் கழிவாத்தான் வெளியேறும்.)

இவ்வளவும் முடிஞ்சப்புறம், 2008-ல ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடு!

டஸ்கனியிலயும் தோல் பதனிடறாங்க. 1994-ல அங்கத்துப் பட்டைமுறை டேனரிக்காரங்க ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சு, தங்க தோல்ல செஞ்ச பையில எண் போட்ட சான்று அட்டையைத் தொங்கவிட்டாங்க. வாங்கறவங்க அதைப் பார்த்துதான் கூடுதல் காசு கொடுக்கறாங்க. ஒயின்ல கத்துக்கிட்ட பாடம்: சட்டம் பேரைக் காக்கும், ஆனா பேருக்கு மதிப்பு சேர்க்க வேண்டியது செய்யறவங்க சங்கம்தான்.

நம்ம ஊர்ல கடைக்குப் போய் ஈ.ஐ. தோல் செருப்பு கொடுங்கன்னு கேட்டுப் பாருங்க, கடைக்காரர் முழிப்பார். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் இன்னும் பட்டைத்தோல் போடறவங்க இருக்காங்க. குறியீடு அவங்க கைக்குக் காசா வந்து சேரணும்னா, முதல்ல நமக்கு அந்தப் பேரு தெரியணும்.

திருச்சி, திண்டுக்கல் பதிவர்களே, உங்க பக்கம் நிலவரம் என்ன? பின்னூட்டத்துல சொல்லுங்க.