எக்ஸ்எம்எல் மொழிகளில் கோவைகள்: உத்திரமேரூர்ச் சாசனத்தை முன்வைத்து

எக்ஸ்எம்எல் ஆவணத்தில் வேண்டியதைத் தேடி எடுக்க எக்ஸ்பாத்தும் எக்ஸ்குவெரியும், அதை வேறு வடிவுக்கு மாற்ற எக்ஸ்எஸ்எல்டியும் பயன்படுகின்றன. கல்வெட்டுப் பதிப்பிலும் இவற்றுக்கு வேலை உண்டு. 2019இல் தொடங்கிய ஐரோப்பாவின் தர்மா ஆய்வுத்திட்டம், தமிழ்க் கல்வெட்டுகளை எபிடாக் என்னும் எக்ஸ்எம்எல் நெறிப்படியே குறியிட்டது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் குடவோலைச் சாசனத்தைக் (கி.பி. 921) கொண்டு இம்மொழிகளை ஒப்பிடலாம், அதன் விதிகள் அத்தனை துல்லியமானவை. குடவோலை என்பது, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, ஊர்ச்சபையின் குழுவான வாரியத்துக்கு ஆள் தேரும் முறை. வாரியத்துக்கு வருபவர் 35 வயதுக்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லில் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் இடலாம் என்பதால், ஊரார் பட்டியலில் இவ்விதிக்கான கோவை (expression) இப்படி அமையும்:

//நபர்[வயது > 35][வயது < 70]

1999இல் வந்த எக்ஸ்பாத் 1.0க்கே இது எட்டும். எக்ஸ்குவெரியில் அப்படியே எழுதலாம்; எக்ஸ்எஸ்எல்டியில் பண்புக்கூறுக்குள் வருவதால் '<' குறியை மட்டும் மாற்றுக் குறியீடாக எழுத வேண்டும்.

வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் குடவோலை இடக்கூடாது என்பது அடுத்த விதி. உறவினரில் ஒருவராவது அப்படிப்பட்டவரா என்ற கேள்வியை எக்ஸ்பாத் 1.0 சமக்குறியின் மறைபொருளில் ஒளித்துவைத்தது. 2007இல் வந்த 2.0, ‘சிலர்’, ‘அனைவர்’ என்னும் அளவைகளை வெளிப்படையாகத் தந்தது. படிப்பவருக்கு இதுவே பெரிய விடுதலை.

குடும்பு எனப்படும் முப்பது ஊர்ப்பிரிவுகளாகப் பெயர்களைப் பிரிப்பதில்தான் மொழிகள் விலகுகின்றன. எக்ஸ்எஸ்எல்டி 1.0இல் மியூன்ச் என்பவர் பெயரால் வழங்கும் சாவி உத்தி தேவைப்பட்டது, 2.0 தனிக் குழுவாக்கக் கட்டளை தந்தது. எக்ஸ்குவெரிக்கு அவ்வசதி 2014இல், 3.0 பதிப்பில்தான் வந்தது. அதுவரை தனித்த மதிப்புகளைத் திரட்டி ஒவ்வொன்றுக்கும் மீண்டும் தேட வேண்டியிருந்தது. எக்ஸ்பாத்தில் குழுவாக்கத் தொடரும் இல்லை, புதிய உறுப்பை உருவாக்கும் தொடரும் இல்லை.

பல கல்வெட்டுகளை இணைத்துத் தேட எக்ஸ்குவெரியே தெளிவானது. ஆனால் கல்லின் பாடத்தைப் பக்கத்துக்குக் கொண்டுவர எக்ஸ்எஸ்எல்டியே சிறந்தது. கல்லில் சொல்லின் நடுவே வரி முறியும். சிதைந்த எழுத்தைப் பதிப்பாசிரியர் பகர அடைப்புக்குள் நிரப்புவார். எக்ஸ்எஸ்எல்டியில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு வார்ப்புரு எழுதினால் போதும். அது பாடத்தில் எங்கே, எதனுள் வந்தாலும் பொருந்திக்கொள்ளும். எக்ஸ்குவெரியில் இதே வேலைக்குத் தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு வேண்டும். புதுக் குறி சேரும்போதெல்லாம் அதைத் திறந்து திருத்தவும் வேண்டும்.