கொழுந்தும் கொத்தரிசியும்

மன்னர் ஆண்டதும் மாண்டதும் மாத்திரம் சரித்திரமன்று. ஏழை வீட்டு அடுப்பு எரிந்ததும் அணைந்ததும் சரித்திரமே. நம் மலைநாட்டில் அந்த அடுப்பின் கதை கொழும்புத் துறைமுகத்தில் ஆரம்பமாகிறது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் பறித்த கொழுந்து, தேயிலைப் பெட்டியாகிக் கப்பலேறும். அது ஈட்டிய அந்நியச் செலாவணியில் அரிசியும் மாவும் வந்திறங்கும். ஆதலின் அரசாங்கத்தின் வர்த்தகக் கொள்கை எதுவாயினும் ஈற்றில் லயத்துப் பானையில் வந்தே விழும். அக்கொள்கைகளை எதிர்த்து மக்கள் எழுந்த வேளைகளில் நம்மவர் எங்கே நின்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கொரிய யுத்த காலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை பின்னர் சரிந்தது. அரிசி விலையோ உலகச் சந்தையில் ஏறிற்று. 1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி பெறுவது ஏற்பாடு. அதுவும் திறைசேரியின் பாரத்தைத் தீர்க்கவில்லை. 1953 ஜூலையில் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. நிதி மந்திரியாயிருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. முந்திய ஆண்டுதான் பழைய விலையைக் காப்போமென்று கூறி வாக்குப் பெற்ற ஆட்சி அது!

ஆகஸ்ட் 12 ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடைபெற்றது. கடைகள் மூடின, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடியது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

அந்நாளில் தோட்டங்களோ பெரும்பாலும் அசையவில்லை. இது கோழைத்தனமா? அன்று, ஒருபோதுமன்று. 1940 இல் முல்லோயாவில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்திலே பொலிசாரின் குண்டுக்கு உயிரீந்த கோவிந்தன் நம்மவரே. 1952 இல் கொழும்பிலே மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தோரும் நம்மவரே. ஆனால் 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையும், 1949 ஆம் ஆண்டுச் சட்டம் வாக்கையும் பறித்திருந்தன. 1947 இல் தொண்டமான் முதலியோர் அமர்ந்த பாராளுமன்றத்தில், 1952 தேர்தலின் பின் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவரேனும் இல்லை. நாட்டில் இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பத்துடன் நிற்பவன், நாட்டின் அரசாங்கத்தை எதிர்த்து எங்ஙனம் வீதிக்கு வருவான்? பசியில் பங்கு இருந்தது. உரிமையில் பங்கு இல்லை.

அந்தக் குறையின் விலை 1974 இல் தெரிந்தது. எண்ணெய் விலையேற்றத்தாலும் செலாவணித் தட்டுப்பாட்டாலும் இறக்குமதி சுருங்கியது, பங்கீடு குறைந்தது, அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லவும் கட்டுப்பாடு வந்தது. கிராமத்தானுக்கு வயலோ வீட்டுத் தோட்டமோ இருந்தது. லயத்தானுக்கு ஏது? அவ்வாண்டு தோட்டங்களில் மரண விகிதம் பெரிதும் ஏறிற்று. என் பாட்டி அதை “பஞ்ச வருஷம்” என்றே சொல்லுவார். மரவள்ளிக் கிழங்கு கிடைத்த நாள் திருநாள் என்பார். பெரட்டுக்கு வந்தவர்கள் மலையேறுமுன் மயங்கி விழுந்ததையும் சொல்லுவார். அந்நாளிலும் கொழுந்து கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்கத் திட்டமிட்டனர். உண்ண வழியற்றவனுக்கு உழைக்கும் மண்ணும் போகும் நிலை. தொழிலாளர் எதிர்த்தெழுந்தனர். 1977 மே 11 ஆந் திகதி டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்னும் இளைஞர் உயிர்நீத்தார். அவர் நம்மைப்போன்ற வாலிபர் என்பதை மறவாதிருப்போம்.

காலம் மாறிற்று. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துடன் குடியுரிமைப் பிரச்சினை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது. பின் 2021 இல் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோதிலும், பசளை காணாத செடி ஆணைக்குப் பணிந்து துளிர்க்குமா? 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறக்குறைய 25 கோடியாக வீழ்ந்தது. நீண்ட போராட்டத்தின் பின் கிட்டிய ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை மாவின் விலையே விழுங்கிற்று.

2022 ஏப்ரில் 28 இலும் மே 6 இலும் நாடெங்கும் வேலைநிறுத்தமும் ஹர்த்தாலும் நிகழ்ந்தபோது தோட்டத் தொழிலாளரும் வேலைக்கு இறங்கவில்லை. மலைநாட்டு நகரங்களிலும் மக்கள் கூடிக் குரல் எழுப்பினர். ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். 1953 இல் ஒதுங்கி நிற்க நேர்ந்த மக்கள், 69 ஆண்டுகளின் பின் ஏனையோருடன் தோளொடு தோள் நின்றனர். இடையில் வந்தது வீரமன்று. அது முன்பே இருந்தது. வந்தது உரிமை.

ஆயினும் உரிமை வந்ததனால் அடுப்பு எரிந்துவிடவில்லை. லயத்துக் கூரையும், சொந்தக் காணியில்லாக் குறையும் இன்னும் நம் கண்முன் உள்ளன. மிஷன் பாடசாலையில் காலைதோறும் அன்றாட உணவுக்காகப் பிரார்த்தித்தேன். தேர்த்திருவிழாவில் அன்னதானப் பந்தியில் பரிமாறினேன். இரண்டும் எனக்குக் கற்பித்தது ஒன்றே: சோறு அற்ப விஷயமன்று.

வாலிப நண்பர்களே, வரவு செலவுத் திட்டத்தையும் இறக்குமதிக் கட்டளையையும் பெரியவர்களின் விஷயமென்று தள்ளாது படித்து விளங்குவோம். 1974 ஐயும் 1977 ஐயும் கண்ட மூத்தோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். அவர்கள் அருகில் அமர்ந்து, சொல்வதைக் கேட்டு, எழுதி வைப்போம். அவர்கள் மறைந்தால் அந்தச் சரித்திரமும் அவர்களுடனேயே தேயிலைச் செடிக்கு உரமாகிவிடும்.