ஷெர்வானி யார் வீட்டு உடுப்பு?

எங்க பெரியப்பா பையனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு என்ன உடை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சேலத்துக்காரங்க நாங்க. அம்மாப்பேட்டையில் நெய்த வெண்பட்டு வேட்டி, மேலே அங்கவஸ்திரம், அவ்வளவுதான். சண்டை வந்தது முந்தின நாள் ரிசப்ஷனுக்கு. அண்ணன் மெரூன் கலரில், கழுத்திலிருந்து முழங்கால் வரை ஜரிகை வேலை செய்த ஷெர்வானி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். பெரியப்பா போட்டோவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்டா, கல்யாணம் உனக்கா, இல்ல லக்னோ நவாபுக்கா?"

அண்ணன் விடவில்லை. "கடையிலயே பாரம்பரிய உடைன்னுதாம்ப்பா போட்டிருக்கான்" என்றார். "யாரோட பாரம்பரியம்?" என்று பெரியப்பா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பி.காம் மூன்றாம் வருஷம். படிப்பதோ ஆடிட்டிங். ஆனால் வீட்டில் எதையாவது தேடிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நான்தான். அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. தேர்வுக்கு இந்த அளவு படித்திருந்தால் என் மார்க் ஷீட் வேறு மாதிரி இருந்திருக்கும் :-)

முதலில் அந்த நவாபைப் பார்த்துவிடுவோம். லக்னோவின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா. 1856இல் ஆங்கிலேயர்கள் அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவருடைய பிரபலமான ஓவியத்தைப் பாருங்கள். இடது மார்பு திறந்தபடி தெரியும். அது ஷெர்வானி இல்லை, அங்கர்கா. மார்பில் வட்டமாக வெட்டி, நாடாவால் முடிச்சுப் போடும் மேலாடை. பெயர் சமஸ்கிருத 'அங்கரக்ஷக'த்திலிருந்து வந்தது, உடம்பைக் காப்பது என்று பொருள். ஆக, நவாப் அரியணையில் இருந்த காலத்தின் அடையாளம் நாடாவும் முடிச்சும்தான். பெரியப்பாவின் கேலிக்கே ஆதாரம் கொஞ்சம் வீக்!

அதற்கும் முந்தி, மொகலாயர் காலத்தில் ஜாமா. அக்பருக்குத் துணியில் அபார ஆர்வம். அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் உடைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. தகௌசியா என்ற இந்திய பாணி மேலங்கி முன்பு கீழ்ப்பகுதியில் பிளவுகளோடு, இடது பக்கம் முடிச்சுப் போடுவதாக இருந்ததாம். அக்பர் அதை வட்டமான பாவாடை மாதிரி வெட்டச் சொல்லி, முடிச்சை வலது பக்கம் மாற்றச் சொன்னார். உடைகளுக்குப் புதுப் பெயர்களும் வைத்தார். ஜாமாவுக்கு அவர் வைத்த பெயர் 'சர்வகதி'. முடிச்சு எந்தப் பக்கம் என்பது பின்னாளில் பெரிய விஷயமானது. பொதுவாக இந்துக்கள் இடப்பக்கம், முஸ்லிம்கள் வலப்பக்கம் கட்டுவது வழக்கம். பழைய ஓவியங்களில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க இன்றும் ஆய்வாளர்கள் இந்த முடிச்சைப் பார்க்கிறார்கள். ஒரே வெட்டு, ஒரே துணி, ஒரே தையல்காரர். முடிச்சு மட்டும் வேறு.

இந்த முடிச்சுப் பிரச்சினையை ஒழித்தது பொத்தான். நடுவில் நேராக இறங்கும் பொத்தான் வரிசைக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. (இது யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை, எனக்குத் தோன்றியது.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் ஃபிராக் கோட் நம் ஆட்கள் கண்ணில் படுகிறது. அரசாங்க ஆபீசில் வேலை பார்த்த இந்தியர்கள் சப்கன் என்ற நீள அங்கியோடு போனார்கள். துரை மாதிரி முழுக்க மாறவும் முடியாது, மாறாமல் இருக்கவும் முடியாது என்ற நிலைமை. அங்கர்கா, சப்கன், அச்கன், ஷெர்வானி என்று படிப்படியாக வந்த மாற்றத்தை லக்னோ வாழ்க்கையைப் பற்றி எழுதிய அப்துல் ஹலீம் ஷரர் சொல்கிறார். லக்னோவில் அச்கன் உருவாகி, அது ஹைதராபாத் போய், ஆங்கிலக் கோட்டின் சாயலில் கையும் வெட்டும் திருத்தப்பட்டு ஷெர்வானி ஆனது என்பது அவர் தரும் வரிசை.

அதாவது ஷெர்வானிக்கு வயது சுமார் நூற்றைம்பது. ரயில் வண்டிக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறை. கடைக்காரர் போர்டில் எழுதும் 'ராஜ பரம்பரை' எல்லாம் பிற்பாடு ஒட்டிய லேபிள். அதை அதிகம் போட்டவர்கள் ராஜாக்கள் மட்டுமில்லை. வாத்தியார்கள், வக்கீல்கள், மாணவர்கள். அலிகரில் 1875இல் சர் சையத் அகமது கான் தொடங்கிய கல்லூரிதான் 1920இல் பல்கலைக்கழகமானது. அங்கே கருப்பு ஷெர்வானிதான் மாணவனின் அடையாள உடை, விசேஷ நாட்களில் இன்றும் உண்டு. அதில் ஒரு இழை ஜரிகை கிடையாது. ஹைதராபாத்தில் உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவராக இருந்த கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான்கூட சாதா ஷெர்வானியில்தான் போட்டோக்களில் நிற்கிறார். எங்க அண்ணன் தேர்ந்தெடுத்த மெரூன் நிஜாமையே தோற்கடித்துவிடும்.

அப்புறம் அரசியல் வந்தது. லண்டன் சூட்டுகளுக்குப் பேர்போன ஜின்னா, 1937இல் லக்னோவில் நடந்த முஸ்லிம் லீக் மாநாட்டுக்கு ஷெர்வானியில் வந்தார். அதே குடும்பத்து அச்கனைப் போட்டுக்கொண்டு, பொத்தான் துளையில் ரோஜாவைச் செருகி நின்றவர் நேரு. எல்லைக்கு அந்தப் பக்கம் அது தேசிய உடை. இந்தப் பக்கம் பிரதமரின் உடை. நம்ம திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனும் கழுத்து மூடிய நீளக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாகத்தான் குடியரசுத் தலைவராக இருந்தார். 2002இல் குடியரசுத் தலைவரான ராமேஸ்வரத்து அப்துல் கலாம், மூடிய கழுத்தைத் திறந்துவிட்டுப் போட்டார், அதுவே 'கலாம் சூட்' ஆகிவிட்டது.

இடுப்போடு நிற்கும் குட்டை பந்த்கலா வேறு கிளை. ஜோத்பூர்காரர்கள் அதைத் தங்கள் ஊர்ப் பெயரால் உலகத்துக்குத் தெரிய வைத்தார்கள். அந்த ஊர் சர் பிரதாப் சிங் 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கு லண்டன் போனபோது, தொடையில் தளர்ந்து கெண்டைக்காலில் இறுகும் அவருடைய குதிரை சவாரிக் கால்சட்டை அங்கே பேஷனானது. கடன் வாங்கியது நாம் மட்டும் இல்லை.

சரி, ஆபீசிலும் கல்லூரியிலும் இருந்த உடை கல்யாண மேடைக்கு எப்படிப் போனது? சுதந்திரத்துக்குப் பிறகு தினசரி வாழ்க்கையில் பேன்ட் சட்டை ஜெயித்தது. ஷெர்வானி விசேஷத்துக்கு என்று ஒதுங்கியது. விசேஷத்துக்கு ஒதுங்கிய எதுவும் கனமாகும், பளபளக்கும். 1987இல் மும்பையில் என்சம்பிள் என்ற டிசைனர் கடை திறந்தது. 1991க்குப் பிறகு கையில் காசு புழங்கியது. 1994இல் 'ஹம் ஆப்கே ஹை கோன்', அடுத்த வருஷம் 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை நாடே டிக்கெட் வாங்கிப் பார்த்தது. 1999இல் கொல்கத்தாவில் மான்யவர் பிராண்ட் தொடங்கியது. காமர்ஸ் மாணவனாக இதைச் சொல்லாமல் போக முடியாது: அதன் தாய் நிறுவனமான வேதாந்த் ஃபேஷன்ஸ் 2022 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கின் விலை 866 ரூபாய். முழுக்க பழைய பங்குதாரர்கள் விற்ற பங்குகள், கம்பெனிக்குள் ஒரு ரூபாய்கூட வரவில்லை. மாப்பிள்ளைத் துணியைப் பெரும்பாலும் நம்பி இவ்வளவு பெரிய வியாபாரம்! இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய்க்கு மேற்பட்ட தைத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இதைச் சொன்னதும் பெரியப்பாவின் எதிர்ப்பு இன்னும் உறுதியானது. என் தப்பு.

இங்கேதான் நானும் சறுக்கினேன். 'வடக்கிலிருந்து வந்து வேட்டியைத் தள்ளிவிட்டது ஷெர்வானி' என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆம்பூர்க்கார கிளாஸ்மேட்டிடம் பேசியபோது அவன் சிரித்தான். "டேய், எங்க வீட்டுல தாத்தா காலத்துலருந்து மாப்பிள்ளைக்கு ஷெர்வானிதான்டா. நாங்க எந்த வடக்குலருந்து வந்தோம்?" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தோன்றவே இல்லை என்பதுதான் உறுத்தியது. ஆம்பூர் சேலத்திலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தானே.

இரண்டாவது சறுக்கல் பெரியப்பா வீட்டு ஹாலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தாத்தாவின் 1961ஆம் வருஷ மாப்பிள்ளை அழைப்பு போட்டோ. திறந்த காரில் தாத்தா. கழுத்தில் ரோஜா மாலை, மாலைக்குக் கீழே கோட்டு, கோட்டுக்குக் கீழே... வேட்டி! பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கோட்டு எடுத்துத் தருவது அந்தக் காலத்தில் பல வீடுகளில் கட்டாயம். பாரதியார் படத்திலும் பாருங்கள், தலைப்பாகைக்குக் கீழே இருப்பது கோட்டுதான். ஷெர்வானி நம் மேடையில் பிடித்தது வேட்டியின் இடத்தை இல்லை, இந்தக் கோட்டு சூட்டின் இடத்தை. முகூர்த்த வேட்டியை யாரும் தொடவில்லை. வேட்டியை உண்மையிலேயே வெளியே நிறுத்தியது வேறு இடம். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்புக்குள் வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே விடவில்லை. அந்த வருஷமே சட்டசபையில் சட்டம் போட்டுத்தான் அதைச் சரி செய்தார்கள்.

போட்டோவைக் காட்டினேன். பெரியப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "அது எங்க அம்மா வீட்டுல எடுத்துக் குடுத்த கோட்டு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் மெரூனை விட்டுவிட்டார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டைலரிடம் கிரீம் கலரில், வேலைப்பாடு எதுவும் இல்லாமல், கழுத்து மூடிய குட்டைக் கோட்டு தைத்து, பட்டு வேட்டிக்கு மேல் போடுவதென்று முடிவானது. இதை யாராவது முயற்சி செய்வதாக இருந்தால் சில விஷயங்கள். அளவு கொடுக்கும்போது வேட்டி கட்டிக்கொண்டே போங்கள். பேன்ட்டோடு அளவு கொடுத்தால் இடுப்பில் கோட்டு தூக்கிக்கொள்ளும், எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. கோட்டு இடுப்பு எலும்பு தாண்டி நாலு விரல் போதும். முழங்கால் வரை இறக்கினால் வேட்டி பாவாடை மாதிரி தெரியும். நீள ஷெர்வானிக்குச் சுடிதார்தான் சரி. அது காலைவிட நீளமாக வெட்டப்பட்டு கணுக்காலில் வளையல் வளையலாகச் சுருங்கும், பெயரே அதனால்தான். காலர் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம், மாலை போட்டதும் மூச்சு முட்டும். துணியில் ஜரிகை இருந்தால் மேலே எம்ப்ராய்டரி வேண்டாம்.

ரிசப்ஷன் அன்றைக்கு என் ஆம்பூர் நண்பன் கருப்பு ஷெர்வானியில் வந்தான். சாதா துணி, ஆறு பொத்தான், கை மடிப்பில் லேசாக நிறம் வெளுத்திருந்தது. பெரியப்பா வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் நிறுத்தி, கோட்டின் கை ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல தையல். எந்த ஊரு டைலர் தம்பி?"

"எங்க தாத்தாவோடதுங்க. வாணியம்பாடில தெச்சது."