வெள்ளிக் காசும் தெய்வ உருவும்

ஈழத்து அரசன் ஒருவன் ரோமாபுரிக்குத் தூது அனுப்பியதற்கு வெள்ளிக் காசுகளே காரணம் என்கிறார், கி.பி. 79இல் மறைந்த ரோம அறிஞர் பிளினி. அன்னியஸ் புளோக்காமஸ் என்னும் வரிக் குத்தகையாளரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், அரேபியக் கரையோரமாகச் செல்கையில் காற்றால் அலைக்கப்பட்டு, பதினைந்தாம் நாள் இத்தீவின் ஹிப்பூரோஸ் துறையை அடைந்தான். அத்துறை குதிரைமலையே என்பர் சிலர். அவனை ஆறு திங்கள் விருந்தோம்பிய அரசன், அவனிடமிருந்த தெனாரியஸ் காசுகளை நோக்கினான். பொறித்த தலைகள் வேறு, எடையோ ஒன்று. ஆள்வோர் மாறியும் நிறை மாறாத நேர்மையை வியந்து, பேரரசன் கிளாடியஸிடம் நால்வரைத் தூது விடுத்தான்.

அக்காலக் காசுகளில் பொறிக்கப்பட்டவை யாவை? கொங்குநாட்டுப் புதையல்களில் இரு வகைகள் மிகுதி. ஒன்று அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் அவருடைய சுவீகாரப் புதல்வர் காயஸும் லூசியஸும் கேடயமும் ஈட்டியும் கொண்டு நிற்பர். அவர்களுக்கு மேலே பூசகரின் அகப்பையும், நிமித்தம் பார்ப்போரின் வளைகோலும் காணப்படும். முன்னவர் பூசகர், பின்னவர் நிமித்திகர் என்பதே பொருள். மற்றொன்று திபேரியஸின் காசு. அதில் செங்கோலும் மரக்கிளையும் ஏந்திய பெண் அமர்ந்திருப்பாள். சுற்றிலும் பேரரசனின் தலைமைப் பூசகர் பட்டம் பொறித்திருக்கும். வரி பற்றிய வினாவிற்கு விடை கூற இயேசுபிரான் கேட்டு வாங்கிய காசு இதுவே எனப் பொதுவாகக் கருதுவர். கொட்டாஞ்சேனை ஆலயங்களில் அந்த வாசகத்தைக் கேட்போர், அக்காசின் உடன்பிறப்புகள் கோயம்புத்தூர் மண்ணிலும் புதைந்திருந்தன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். தென்னகத்துப் புதையல்களில் அதற்கு முந்திய காசுகளே பெரும்பாலன. நம் வணிகர் உருவத்தைக் காட்டிலும் வெள்ளியையே நம்பினர் என்பதற்கு இது சான்று.

ஈழத்திலோ ரோம வெள்ளி அரிது. கொழும்பு நூதனசாலை வெளியீடாகக் கொட்றிங்டன் 1924இல் எழுதிய இலங்கை நாணய நூல் ரோமக் காசுகளையும் ஆராய்கின்றது. இங்கு மிகுதியாகக் கிடைப்பவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள். அவற்றில் சிறகுடைய வெற்றித் தேவியும் கிறிஸ்தவச் சிலுவையும் உண்டு. அவற்றைப் பார்த்து இங்குள்ளோரும் காசு வார்த்தனர். செப்பின் மதிப்புச் சிறிது. ஆகவே பழகிய உருவமே அதற்குச் செலாவணி தந்தது போலும்.

ஆயினும் இத்தீவினர் தம் தெய்வத்தை மறந்தாரல்லர். கந்தரோடை போன்ற இடங்களில் கிடைத்த நீள்சதுரத் தகடுகளில், இரு யானைகள் நீராட்டத் திருமகள் நிற்கின்றாள், மறுபுறம் சுவஸ்திகம். பிறநாட்டுக் காசை நிறுத்து ஏற்ற கைகளே, தம் உலோகத்தில் தம் திருவையும் பொறித்தன.