ஊர்க்காவலும் பொறுப்பும்

குடிகள் அச்சமின்றி உறங்குதற்கு மதிலும் கதவும் மட்டும் போதா. விழித்திருப்பார் சிலர் வேண்டும்; காவல் பிழைத்தவிடத்து அவர் விடையிறுக்கும் கடப்பாடுடையராதலும் வேண்டும். இவ்விரண்டும் தமிழகத்துச் சிற்றூர்களில் எங்ஙனம் இணைந்திருந்தன என்பதையும், பின்னர் எங்ஙனம் பிரிந்தன என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மழை பெய்யும் நள்ளிரவிலும் சோர்வின்றிக் கள்வரைத் தேடித் திரியும் ஊர்காப்பாளரை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிற் காட்டுகின்றார். பிற்காலச் சோழர் கல்வெட்டுக்களிலே ‘பாடிகாவல்’ என்னுஞ் சொல் பயின்று வருகின்றது. பாடி என்பது ஊர். அவ்வூரைக் காத்தலும், அதன்பொருட்டுக் குடிகள் இறுக்கும் இறையும் அச்சொல்லாற் குறிக்கப்பட்டன.

திருநெல்வேலிச் சீமையில் இம்முறை ஸ்தலகாவல், தேசகாவல் என இருவகைப்பட்டிருந்தது. ஓர் ஊரளவில் நிகழ்வது ஸ்தலகாவல்; பல ஊர்களையும் வழிகளையும் தழுவிப் பாளையக்காரர் நடத்தியது தேசகாவல். காவற்காரருக்குக் குடிகள் கூலி கொடுத்தனர். களவு நிகழின், போன பொருளைக் கண்டெடுத்து உடையவனிடம் சேர்ப்பித்தல் காவற்காரர் கடன். இயலாதாயின் அதன் விலையைத் தாமே ஈடுசெய்தல் வேண்டும். கூலியும் ஈடும் துலாக்கோலின் இரு தட்டுக்கள் போல்வன. கைப்பொருள் போகுமே என்னும் அச்சமே காவலனைத் துயிலாது வைத்தது. இதுவே பழைய முறையின் உயிர்நிலை என்பது எமது துணிபு.

ஆயினும் அம்முறையைக் குற்றமற்றதெனப் புகழ்தல் சரித்திரத்துக்கு ஒவ்வாது. பதினெட்டாம் நூற்றாண்டிலே மேலரசு தளர்ந்தபோது, வலியோர் ஈட்டை மறந்து கூலியை மட்டும் வற்புறுத்தி வாங்கலாயினர். கூலி கொடாத ஊரிலே களவு மிகுந்தது. காவலே அச்சத்திற்குக் காரணமாயிற்று. இக்கொடுமையைக் கலெக்டர் லஷிங்டன் துரை தம் மேலதிகாரிகளுக்கு எழுதினார். 1799, 1801 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த பாளையக்காரர் போர்களோடு தேசகாவல் உரிமை கும்பினியார் வசமாயிற்று.

அதன்பின் 1802-ஆம் ஆண்டிலே தாரோகா என்னும் உத்தியோகஸ்தர் நியமிக்கப்பட்டனர். ஊராரை அறியாத அவரால் ஊர்க்களவைத் துப்பறிதல் எளிதாகவில்லை. ஆகவே, மன்றோ துரையின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் முயற்சியால், 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ரெகுலேஷன் பிறந்தது. தாரோகாக்கள் நீங்கினர், கிராமத் தலைவரே ஊர்ப் போலீஸின் தலைவராயினர். தலையாரி அவருக்குத் துணையானான். புதியவர் வரவை அறிவித்தல், கள்வரின் அடிச்சுவட்டைத் தொடர்தல், வரிப்பணத்தைக் கஜானாவுக்குக் காவலோடு கொண்டு சேர்த்தல் முதலியன அவன் தொழில்கள்.

இச்சட்டத்தில் நாம் மறத்தற்கரிய கூறு ஒன்றுண்டு. வசைமொழி, சிறு கைகலப்பு முதலிய குற்றங்களுக்குக் கிராமத் தலைவர் ஒருவனைச் சாவடியிற் பன்னிரண்டு மணி நேரம்வரை அடைத்து வைக்கலாம். ஆனால், குற்றவாளி தாழ்ந்த சாதியினனெனக் கருதப்படின், அவனை ஆறு மணி நேரம்வரை தொழுமரத்தில் மாட்டலாம் என்று அச்சட்டம் விதித்தது. குற்றம் ஒன்று, பிறப்புப்பற்றித் தண்டம் இரண்டு! ஊரார் காவல் ஊராரிடமே இருப்பது நன்றெனினும், ஊரின் ஏற்றத்தாழ்வும் அக்காவலிற் கலந்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி, தாசில்தாரே வரி தண்டுவோரும் போலீஸ் அதிகாரியுமாக இருந்தமையால் வேறொரு தீங்கும் விளைந்தது. வரி வாங்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் குடிகள் வதைக்கப்பட்டனர் என்பதை 1855-ஆம் ஆண்டு விசாரணைக் கமிஷனார் வெளிப்படுத்தினர். 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால் போலீஸ் தனி இலாகாவாயிற்று. ஸ்டேஷனும் கான்ஸ்டேபிளும் தோன்றினபின்னும் முன்சீபும் தலையாரியும் நெடுங்காலம் நிலைத்தனர். 1980-ஆம் ஆண்டிலே தமிழக அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை நீக்கியது.

இச்சரித்திரத்தால் நாம் அறியக்கிடப்பது யாது? காவலன் ஊரை அறிந்தவனாதல் வேண்டும்; அதனோடு, ஊரின் வலியோருக்கு அடங்காதவனாதலும் வேண்டும். முன்னது இல்லாதபோது தாரோகா தோற்றார். பின்னது இல்லாதபோது தொழுமரம் எழுந்தது. பொறுப்பு நீங்கியபோதோ காவலே கொள்ளையாயிற்று. ஈடு கொடுத்த காலம் திரும்பி வாராது. ஆயின் விடை கேட்கும் உரிமை இன்று நம் அனைவர்க்கும் உளது. ஆதலின் நம் சங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தினரும் கண்ட குற்றத்தை மறையாது சாட்சி கூறுதலையும், நம்மவன் பிறன் என்னாது நீதி வேண்டுதலையும், காவலர் நெறி தவறின் அஞ்சாது முறையிடுதலையும் தம் கடமையாகக் கொள்வாராக. குடிகள் விழித்திருப்பின் காவலும் விழித்திருக்கும்.