காணியும் மனையும்

மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவதற்காக நாம் கூடவில்லை. அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றையாவது எடுத்துப் பேசக் கூடியிருக்கிறோம். தாம்பரத்தில் இருந்துகொண்டு நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: நம் வீடு நிற்கும் மண் யாருடையது?

தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள். நிலத்தின்மேல் மிராசுதாரர்களுக்கு இருந்த உரிமைக்குக் காணியாட்சி என்று பெயர். அந்த உரிமை வயலோடு நிற்கவில்லை. தரிசு நிலம் கேட்டுப் பண்ணையாள் ஒருவர் அரசுக்குத் தர்காஸ்து போட்டால், அதைப் பெறுவதில் மிராசுதாரருக்கே முன்னுரிமை. சேரிக் குடிசை நின்ற மனையையும் அவர் தமது என்றார். கூலி உயர்வு கேட்டவரை, மனு எழுதியவரை, வேறு பண்ணைக்குப் போக நினைத்தவரைக் குடிசையைப் பிரிக்கச் சொல்லி மிரட்ட அது போதும். காலடி மண் அடுத்தவன் கையில் இருக்கும்வரை வாய் திறக்க முடியாது என்பதை நம் முன்னோர் வாழ்ந்தே அறிந்தார்கள்.

இந்நிலையைச் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக அரசுக்கு அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையே பஞ்சமி நிலத்தின் தொடக்கம். முதல் பத்தாண்டுகள் விற்கக்கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த ஆணையை ஒரு வெள்ளை அதிகாரியின் கருணையாக மட்டும் படிப்பது பிழை. அதே காலத்தில், அதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சங்கம் கட்டிக்கொண்டிருந்தார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பின்னர், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார். 1920களில் தொழிலாளர் துறை சேரிகளுக்கு வீட்டுமனை வாங்கித் தந்தது. ஆனால் அதன் விலையைத் தவணையில் கட்டியவர்கள் நம் மக்களே. பல தலைமுறை உழைப்பால் ஈடு செய்யப்பட்ட மண்ணுக்கு இரண்டாவது முறையும் விலை கொடுத்தோம்.

1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நகரம் தெற்கே வந்தது. பழைய கணக்கில் ஒரு காணிக்கு 24 மனை. ஒரு மனை 2,400 சதுர அடி. அதைத்தான் இன்று கிரவுண்டு என்கிறோம். காணி மனைகளாக உடைந்தபோது, காணி வைத்திருந்தவர் விற்றார், கட்டினார், வாடகைக்கு விட்டார். உழுதவரிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. வீடு வாங்குவது சொந்தச் சம்பாத்தியம், திறமை என்று பேசுவோர் பாட்டன் காலத்துப் பத்திரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேளாண் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது. இழந்த பஞ்சமி நிலத்தைக் கேட்டுக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். சட்டமும் அரசாணையும் காகிதத்தில் இருக்க, மண் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

2000க்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெரும்பங்கினர் நம் மக்கள். தவணை முடிந்து கிரயப் பத்திரம் கைக்கு வரும்வரை அவர்கள் ஒதுக்கீடு பெற்றவர்களே, உரிமையாளர்கள் அல்லர். தள்ளியிருக்கும் சேரி இப்போது அடுக்குமாடியாக எழுந்து நிற்கிறது.

வாடகை வீடு தேடிப் போகும் நம் மாணவர்களை, பெயருக்கு அடுத்தபடியாக "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். சிலர் "கறி சாப்பிடுவீங்களா?" என்று சுற்றிக் கேட்கிறார்கள். மனையைக் கையில் வைத்துக்கொண்டு வாயை அடைத்த மிராசுதாரரின் குரலே அது.

எனவே வேலை நம்முடையது. ஊர் ஊராக 'அ' பதிவேட்டை எடுப்போம். பஞ்சமி என்று குறிக்கப்பட்ட புல எண்களைப் பட்டியலிடுவோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மறுகுடியமர்வுப் பகுதிகளில் யாருக்குப் பத்திரம் வந்தது, யாருக்கு வரவில்லை என்று வீடு வீடாக எழுதி எடுப்போம். மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் ஒன்றாவது தம் சொந்தச் சேரியின் மண் வரலாறாக இருக்கட்டும். நம் வரலாறு பிறர் வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி வட்டாட்சியர் அலுவலகத்தில்தான் இருக்கிறது. கேட்டு வாங்குவோம்.